'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள்!

'எழுதினா நானும் எழுதுவேன் சார்... டைம்தான் இல்லை!' என்று ஒரு தடவையாவது சொல்லாத தமிழனைப் பார்ப்பது கஷ்டம். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒரு கதை எழுதி ஒளித்து வைத்திருப்பவர்கள் என்பது என் அனுபவம்.

முன்பெல்லாம் அந்தக் கதை ஆபீஸ் மேஜையின் கடைசி டிராயரில், காலாவதியான சீசன் டிக்கெட்டுக்கும் இன்க்ரிமென்ட் ஆர்டருக்கும் நடுவே தூங்கிக்கொண்டிருக்கும். இப்போது மொபைலில் தூங்குகிறது. மேலே மளிகை லிஸ்ட், கீழே கேஸ் புக்கிங் நம்பர், நடுவே நம்ம கதாநாயகி. இடம்தான் மாறியிருக்கிறது, தூக்கம் கலையவில்லை.

அதை எழுப்புவது எப்படி? யாரிடம் காட்டுவது? அவர் சொல்லும் யோசனையைக் கேட்பதா, வேண்டாமா? எங்கே அனுப்புவது? 'புத்தகமாகப் போடலாம், இவ்வளவு பணம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் கட்டலாமா? இவற்றைத்தான் பேசப்போகிறோம். அடியேன் பி.காம். வரவு செலவு பார்க்காமல் இலக்கியம்கூடப் பேச வராது. பொறுத்தருள்க.

டைம் எங்கே சார் இருக்கு?

முதலில் இந்த டைம் விவகாரத்தை முடித்துவிடுவோம்.

ஆன்டனி டிரொலப் என்று ஓர் ஆங்கில நாவலாசிரியர். 1834-ல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1867 வரை அங்கேயே வேலை பார்த்தவர். இங்கிலாந்துத் தெருக்களில் நிற்கும் தூண் மாதிரியான தபால் பெட்டி இருக்கிறதே, அதற்கு யோசனை சொன்னவர் இவர்தான். 1852-ல் ஜெர்ஸி தீவில் முதலில் வைத்துப் பார்த்தார்கள்.

மனிதர் காலை 5.30 மணிக்கு மேஜை முன் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிட்டு காபி கொடுப்பதற்காகவே வீட்டு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு எக்ஸ்ட்ரா. எதிரே கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்கு. மூன்று மணி நேரம் முடிந்ததும் டிரெஸ் பண்ணிக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இப்படி 47 நாவல்கள்! கடைசியில் சுயசரிதையில் எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது என்று பட்டியல் வேறு போட்டிருக்கிறார். மொத்தம் சுமார் 69,000 பவுண்டு. அதையும் பென்னி வரைக்கும் கூட்டிக் காட்டியிருக்கிறார். என் மாதிரி காமர்ஸ் ஆசாமிகளுக்கு அவர் குலதெய்வம். அவர் இறந்த மறுவருஷம், 1883-ல், அந்தச் சுயசரிதை வந்தபோது, 'சே, இவ்வளவு கணக்குப் பார்த்தா இலக்கியம் செய்வது?' என்று இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள் என்பது தனிக்கதை.

பிராஹா நகரத்துக் காஃப்கா, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை உத்தியோகம் பார்த்தவர். பகலில் விரல் போன தொழிலாளிக்கு நஷ்டஈட்டு ஃபைல், ராத்திரியில் கதை. 1912 செப்டம்பர் 22-ம் தேதி இரவு 10 மணிக்கு உட்கார்ந்து விடியற்காலை 6 மணிக்குள் ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் முடித்தார். மறுநாள் ஆபீஸ் உண்டா, இல்லையா என்று அந்தக் கதையைப் படிப்பவர்கள் யாரும் இன்று கேட்பதில்லை.

நம்ம ஊரில் மட்டும் என்னவாம்? லா.ச.ரா. வங்கி உத்தியோகஸ்தர். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்ஜினீயர். ஓட்டு மெஷின் வேலையையும் பார்த்துக்கொண்டு, வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையையும் பார்த்துக்கொண்டவர். ஆகவே, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கும் எழுத்துக்கும் பகை இல்லை. தினம் அரை மணி. அவ்வளவுதான். மேலே போவோம்.

மொட்டைமாடி ஆடிட்

கதை எழுதியாயிற்று. அடுத்து நாம் எல்லோரும் செய்கிற காரியம், அதை ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி 'எப்படி இருக்கு?' என்று கேட்பது.

பாவம், அவர் என்ன சொல்வார்? போன மாசம்தான் உங்களிடம் ரெண்டாயிரம் கைமாற்று வாங்கியிருப்பார். 'பிரமாதம் மாப்ளே! பின்னிட்டே!' என்பார். இந்தப் பதிலால் கதைக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை. கேள்வியே தப்பு சார்! 'எப்படி இருக்கு?' என்பது கல்யாண வீட்டில் சாம்பாரைப் பற்றிக் கேட்கிற கேள்வி. 'நல்லா இருக்கு' என்பதைத் தவிர வேறு பதில் சொன்னால் மரியாதையில்லை.

எங்கள் கோஷ்டி ஒன்று இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி. மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பேங்க் நண்பர், ஒரு மெடிக்கல் ரெப், ஒரு ரயில்வே புக்கிங் கிளார்க், ஒரு ஜி.எஸ்.டி. கன்சல்டன்ட், கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி ஒருவன், அப்புறம் நான். ஆளுக்கு ஒரு பிரதி, ஆளுக்கு ஒரு பென்சில். சட்டம் ஒன்றே ஒன்றுதான். 'நல்லா இருக்கு, நல்லா இல்லை' என்ற வார்த்தைகளை யாரும் வாயால் சொல்லக்கூடாது. படித்துக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் மனசு நழுவி 'கரண்ட் பில் கட்டிட்டோமா?' என்று யோசிக்க ஆரம்பிக்கிறதோ, அந்த இடத்தில் ஓரமாக ஒரு கோடு. அவ்வளவே.

ஆடிட்டர் வந்தால் 'உன் பிசினஸ் மோசம்' என்றா சொல்கிறார்? 'இந்த வவுச்சரைக் காணோம்' என்று டிக் போட்டுக் காட்டுகிறார். அந்த மாதிரி.

ஒரு ஞாயிறு, பேங்க் நண்பரின் கதை. மில்லிலிருந்து ரிடையர் ஆன ஓர் அப்பா. மறுநாள் காலையும் வழக்கம்போலக் குளித்து, விபூதி இட்டு, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போவது மில்லுக்கு அல்ல, பார்க்குக்கு. நல்ல விஷயம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் மகன் பேச ஆரம்பிக்கிறான் பாருங்கள்... மில் தொழில் எப்படி நசிந்தது, யூனியன் என்ன செய்தது, அரசாங்கம் என்ன செய்யவில்லை என்று ஒன்றரைப் பக்கம்!

ஐந்து பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்து பென்சில் கோடும் அதே மூன்றாம் பக்கம். இரண்டு வரி முன்னே பின்னே, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 'என்ன பண்ணலாம்?' என்று நண்பர் கேட்டதும் ஆளாளுக்கு மருந்து எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

''அப்பாவுக்கு ஒரு ஹார்ட் அட்டாக் குடுங்க சார்!'' மெடிக்கல் ரெப். வேறு என்ன சொல்வார்?

''பார்க்குக்குப் பதிலா ரயில்வே ஸ்டேஷன்ல உக்கார வைங்களேன்...'' புக்கிங் கிளார்க்.

''பி.எஃப். செட்டில்மென்ட்ல ஒரு தகராறு வெச்சா சுவாரஸ்யமா இருக்கும்.'' இது ஜி.எஸ்.டி.

''அண்ணே, அந்த மில் மேட்டரை ஃப்ளாஷ்பேக்ல கொண்டு போயிடலாம்ணே...'' தம்பி.

பேங்க் நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒன்றையும் செய்யவில்லை. அடுத்த முறை வந்தபோது அந்த ஒன்றரைப் பக்கம் இல்லை. அந்த இடத்தில் இரண்டே வரி. சாயங்காலம் அப்பா திரும்பி வருகிறார், அம்மா டப்பாவை வாங்குகிறாள், டப்பா கழுவியிருக்கிறது. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் ஒருநாளும் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்ததில்லை.

பொழுது போகாமல் பார்க் குழாயடியில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் டிபன் டப்பா கழுவுகிற காட்சி எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ ஆறிப்போயிற்று. அந்தத் தடவை பிரதிகளில் கோடே இல்லை.

இதிலிருந்து நான் கண்டுகொண்டது இதுதான். கோளாறு எங்கே என்று சொல்வதில் வாசகர் அநேகமாகத் தவறுவதில்லை. அதற்கு மருந்து என்ன என்று சொல்வதில் அநேகமாகத் தவறிவிடுகிறார். வயிறு வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் நம்பத்தான் வேண்டும். எந்த மாத்திரை என்பதையும் அவரே எழுதிக்கொடுத்தால்..?

ஆகவே 'எப்படி இருக்கு?' வேண்டாம். பதிலாக இந்த நாலு கேள்வி கேளுங்கள்.

எந்த இடத்தில் அலுத்தது?

எந்த இடத்தில் யார், என்ன என்று குழம்பியது?

எதை நம்ப முடியவில்லை?

கதையை எனக்கே இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடியுமா?

கடைசிக் கேள்விதான் பொல்லாதது. நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பீர்கள், அவர் 'ஒரு மில் மூடினதைப் பத்தி...' என்று ஆரம்பிப்பார். அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. மற்றவர்கள் பேசும்போது கதை எழுதினவர் வாயைத் திறக்கக்கூடாது. 'இல்ல சார், நான் என்ன நினைச்சு எழுதினேன்னா...' என்று விளக்கம் சொல்லக்கூடாது. பத்திரிகை வாங்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நீங்கள் விளக்கம் சொல்லப்போவதில்லை அல்லவா?

படிப்பவருக்கும் கடமை உண்டு. முழுசாகப் படிக்கவேண்டும். எங்கே மனசு தொட்டது என்பதற்கும் ஒரு டிக் போடவேண்டும். முக்கியமாக, 'நானா இருந்தா இதை எப்படி எழுதுவேன்னா...' என்று தன் கதையை அடுத்தவர் தலையில் கட்டக்கூடாது.

ஏழு வருஷம்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிட் ஒன்றும் புதுசு இல்லை. பாரிஸில் கடற்படை அமைச்சகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். பெயர் மாப்பசான். ஆபீஸ் பிடிக்காத குமாஸ்தா. அவருக்குக் கிடைத்த ஆடிட்டர் சாதாரண ஆசாமி இல்லை, ஃப்ளாபேர்! மாப்பசான் எழுதியதையெல்லாம் வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்வாராம். இப்படி ஏழு வருஷம் போயிற்று என்றும், அந்த ஏழு வருஷத்தில் எழுதியதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் மாப்பசானே 1888-ல் தன் நாவல் ஒன்றின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

ஃப்ளாபேர் என்ன சொல்லிக்கொடுத்தார்? வாசலில் உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைக்காரரையோ, ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக் குதிரையையோ வர்ணித்தால், ஊரில் இருக்கிற மற்ற மளிகைக்காரர்களோடும் மற்ற ஐம்பது குதிரைகளோடும் குழப்பிக்கொள்ளாதபடி வர்ணிக்கவேண்டும். இதுதான் பாடம்.

நமக்கும் இந்த ஹோம்வொர்க் சௌகரியம். உங்கள் ஆபீஸ் செக்யூரிட்டியை நாலு வரியில் எழுதிப்பாருங்கள். 'காக்கி சட்டை, நரைத்த மீசை, சோர்ந்த கண்கள்' என்று எழுதினால் தமிழ்நாட்டிலுள்ள அத்தனை செக்யூரிட்டிகளும் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். மானேஜர் காருக்கு அடிக்கிற சல்யூட்டை, மானேஜர் லீவில் இருக்கும் நாளில் டிரைவர் மட்டும் வந்தாலும் பாதி அளவுக்கு அடிக்கிறாரே, அதை எழுதுங்கள். அவர் ஒருத்தர்தான் நிற்பார்.

அந்தக் குமாஸ்தாவின் முதல் பெரிய கதை 1880-ல் வெளிவந்தது. அதைப் பார்த்து ஃப்ளாபேர் சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமே காலமாகிவிட்டார்.

கத்தி யார் கையில்?

'அப்படியானால் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்துவிடலாமா?' என்றால், கூடாது.

அமெரிக்காவில் ரேமண்ட் கார்வர் என்று ஒரு சிறுகதைக்காரர். அவருக்கு கார்டன் லிஷ் என்று ஒரு எடிட்டர். கார்வர் புகழ் பெறக் காரணமான தொகுதி 1981-ல் வந்தது. அதில் லிஷ் கத்தி போட்ட வேகத்தில் சில கதைகளில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன், 1980 ஜூலையில், 'தயவுசெய்து நிறுத்துங்கள்' என்று கார்வர் கெஞ்சி லெட்டர் எழுதினார். நிற்கவில்லை. புத்தகம் வந்தது, பேரும் வந்தது.

அதில் ஒரு கதை, பிறந்தநாளன்று கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு பையனைப் பற்றியது. கார்வர் எழுதிய முடிவில், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு பேக்கரிக்காரர் ஒருவர் விடிய விடியச் சூடான ரொட்டி கொடுத்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். வெட்டிய பிரதியில் அந்த ரொட்டியும் இல்லை, அந்த ராத்திரியும் இல்லை. கார்வர் மனசு கேட்காமல் பின்னால் அதன் நீண்ட வடிவத்தையே வெளியிட்டார். 1983-ல் ஓ ஹென்றி விருதுத் தொகுப்பில் முதல் பரிசு அந்த நீண்ட வடிவத்துக்குத்தான் கிடைத்தது. 2009-ல், கார்வர் மறைந்து 21 வருஷம் கழித்து, வெட்டுக்கு முந்தைய தொகுதி முழுவதுமே தனிப் புத்தகமாக வந்தது.

லிஷ் வெட்டியது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அடுத்தவர் கோடு போட்ட இடத்தில் எது சதை, எது உயிர் என்று எழுதினவருக்குத்தான் தெரியும். 'இந்தக் கதையை நான் எதுக்காக எழுத உட்கார்ந்தேன்?' என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யோசனை அந்த வரியைத் தொடாமல் மற்றதைக் குறைத்தால், மறுபேச்சில்லாமல் குறையுங்கள். அந்த வரியையே குறைத்தால், ஒரு கும்பிடு போட்டு, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குறைப்பது பற்றி இன்னொரு கணக்கு. ஸ்டீபன் கிங் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்ப, திரும்பி வந்த சீட்டில் ஓர் எடிட்டர் ஒரு ஃபார்முலா கிறுக்கியிருந்தாராம். இரண்டாவது பிரதி என்பது முதல் பிரதியில் 10 சதவீதம் கழித்தது! 2000-ல் எழுத்துக்கலை பற்றி எழுதிய புத்தகத்தில் கிங் இதை நன்றியோடு சொல்கிறார். 1,200 வார்த்தைக் கதையா? 120 வார்த்தை தள்ளுபடி. ஆடிக்கழிவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தள்ளுவது என்று தெரியாவிட்டால், முதல் பாராவைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவது பாராவிலிருந்து படித்துப்பாருங்கள். சூரியன் உதித்தது, அலாரம் அடித்தது, அவன் சோம்பல் முறித்தான் என்பதெல்லாம் அநேகமாக அந்த முதல் பாராவில்தான் இருக்கும். போனால் போகட்டும்.

அனுப்புங்கள்... அடுத்ததை ஆரம்பியுங்கள்

ராபர்ட் ஹைன்லைன் என்ற விஞ்ஞானக் கதைக்காரர் 1947-ல் ஒரு கட்டுரையில் ஐந்து விதி சொன்னார். எழுது. எழுதியதை முடி. எடிட்டர் சொன்னாலொழியத் திருத்திக்கொண்டே இருக்காதே. விற்பனைக்கு அனுப்பு. விலை போகும் வரை அனுப்பிக்கொண்டே இரு.

மூன்றாவது விதியும் ஸ்டீபன் கிங் ஃபார்முலாவும் மோதுகிறதே என்கிறீர்களா? சமாதானம் சுலபம். அனுப்பும்வரை திருத்துங்கள், அனுப்பின பிறகு தொடாதீர்கள். ஒரே கதையை ஏழு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். கதை தேய்ந்துதான் போகிறது.

அனுப்புவதில் சில நடைமுறைகள். ஒரு காலத்தில் கதையோடு சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கவர் வைக்கவேண்டும். வைத்த கவர் விசுவாசமாகத் திரும்பி வந்துவிடும். இப்போது பெரும்பாலும் ஈமெயில். திரும்பி வருவதுகூட இல்லை, மௌனம்தான் பதில்.

யூனிகோடில் அடித்து வேர்ட் ஃபைலாக அனுப்புங்கள். பழைய பாமினி வகையறா எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் காதல் காட்சி வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மொபைலில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். பெயர், விலாசம், போன் நம்பர், எத்தனை வார்த்தை, 'சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை' என்ற உறுதி, இவ்வளவு போதும். 'சிறு வயது முதலே தமிழ்த்தாயின் மடியில்...' என்ற முன்னுரை வேண்டாம்.

எந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறீர்களோ, அதன் கடைசி நாலு இதழையாவது காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள். இரண்டு பக்கக் கதை போடுகிற இடத்துக்கு 12 பக்கக் கதை அனுப்பினால், அது நிராகரிப்பு இல்லை, இடப்பற்றாக்குறை. ஒரே கதையை ஒரே நாளில் ஐந்து பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் மூன்றாவது இடத்தில் எப்போதும் வராது.

ஒரு நோட்டில் கோடு போட்டு, கதை, அனுப்பிய தேதி, எங்கே, பதில் என்று நாலு காலம் போடுங்கள். அந்த மில் அப்பா கதைக்கு முதல் பத்திரிகையிலிருந்து மூன்று மாசம் பதில் இல்லை. நண்பர் கேட்டு ஒரு மெயில் போட்டார். அதற்கும் பதில் இல்லை. 'வாபஸ் பெறுகிறேன்' என்று மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த இடத்துக்கு அனுப்பினார். வந்தது. தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். இவர் வைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் அட்டைப்பெட்டி

இனி கொஞ்சம் சீரியஸ்.

எனக்கு இன்னொரு நண்பன். தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். எங்கள் கோஷ்டியில் சேராமல் தனியாக எழுதிக்கொண்டிருந்தவன். நல்ல எழுத்து. பத்து கதை சேர்ந்ததும் 'பதிப்பாளர்' ஒருவர் கிடைத்தார். போனிலேயே பாராட்டினார். 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி, விழா, விளம்பரம், எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார். நண்பன் பர்சனல் லோன் போட்டுக் கட்டினான்.

தினம் கம்பெனிக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால்கூட ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து தேடுகிறவன். இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. நீங்கள் போட்டுப்பாருங்கள். பிரதிக்கு அடக்கம் 150 ரூபாய். விலை 180. ஒப்பந்தப்படி கடைக்காரர் கழிவு 40 சதவீதம். கையில் வருவது 108. முன்னூறும் விற்றுத் தீர்ந்தாலே 32,400 ரூபாய்தான். அதாவது புத்தகம் பிரமாதமாக விற்றால் நஷ்டம் 12,600. விற்காவிட்டால் 45,000!

விற்கவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போக மிச்சம் கட்டிலுக்கடியில் ஐந்து அட்டைப்பெட்டி. மேலே இன்வெர்ட்டர் பேட்டரி. விளம்பரம் என்று சொன்னது ஒரு ஃபேஸ்புக் பதிவு.

பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. லோன் அடைந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் ஒரு வரி எழுதவில்லை. 'எழுதி என்னடா ஆச்சு?' என்பான். கதை மோசம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. யாரும் படிக்கவே இல்லை. அதுதான் விஷயம்.

ஆகவே, எழுதுகிறவரிடமிருந்து பணம் வாங்கி லாபம் பார்க்கிறவருக்கு, வாசகர் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? புத்தகத்தில் தன் பணத்தைப் போடுகிற பதிப்பாளர்தான் அதை விற்கப் பாடுபடுவார். இல்லை, நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். தேவைப்படும்போது தேவைப்பட்ட பிரதிகளை மட்டும் அச்சடிக்கிற வசதி இன்று இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி இலவசமாகவே தருகிறது. அதற்கே தனியாக ஐந்தாயிரம் கேட்டால் உஷார்.

ராயல்டி என்ன வரும்? ஒரு கணக்குக்காக, 200 ரூபாய் புத்தகம், 10 சதவீத ராயல்டி, 500 பிரதி என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். மூன்று வருஷத்தில் விற்றால் மாசத்துக்கு 278 ரூபாய். ஒரு மட்டன் பிரியாணி. ஆகவே திங்கள்கிழமை ரிஸைன் லெட்டர் கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது. அதில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

நீங்களாக எழுதிய கதையின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். எழுதிய நிமிஷமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்யவேண்டிய கட்டாயம்கூட இல்லை. உங்கள் ஆயுசுக்கும், அதற்கப்புறம் 60 வருஷத்துக்கும் செல்லும். பேரன் காலம்வரை கவலையில்லை.

அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் அர்த்தம். எந்த ஊர்வரை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று அர்த்தம். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், சினிமா, வெப் சீரிஸ் உட்பட' என்று பொடி எழுத்தில் இருந்தால் பேனாவை மூடிவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

'என் ஐடியாவை யாராவது திருடிவிட்டால்?' என்று பயந்து கதையை யாருக்குமே காட்டாமல் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் என்று 1978-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ரிடையர் ஆன அப்பா யாருக்கும் சொந்தமில்லை. கழுவின டிபன் டப்பாதான் பேங்க் நண்பருக்குச் சொந்தம்.

ஆகவே காட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், கதையின் பிரதியையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன மாசம் நான் எழுதிய ஒரு கதையை அந்த அட்டைப்பெட்டி நண்பனிடம் அப்படித்தான் கொடுத்தேன். ''நான் எதுக்குடா? நான்தான் விட்டுட்டேனே...'' என்றான். பென்சிலையும் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.

''ரெண்டாம் பக்கத்துல ஒரு இடம் இழுக்குதுடா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்'' என்றான். அரை மணி நேரம் பேசினோம். வைக்கப்போகும்போது, ''உங்க மாடியில எத்தனை மணிக்குக் கூடுவீங்க?'' என்று கேட்டான்.

நாலரைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.